ஒரே நேரத்தில் எல்லாக் கணினிக்குமா?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் உலகெங்கும் உள்ள வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றும்விட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றுவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு கோப்புக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? அதைப் படித்தது ஒரு டிரைவர். வேர்டோ எக்செலோ செயலிழந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். மற்ற வேலை நடக்கும். இந்த டிரைவர் இயங்குவதோ இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலில். அங்கே பிழை நேர்ந்தால் தரவு கெட்டுப்போகாமல் இருக்க விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அன்று டிரைவரிடம் இருந்தவை 20 உள்ளீடுகள்; புதிய கோப்போ 21ஆவதை எடுத்துப் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய்க் கணினி விழுந்தது.

வைஃபை, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் டிரைவர்களைப் புதுப்பிக்கும்போதும் சிஸ்டம் அட்மின்களை உறுத்துவது இந்தப் பயம்தான். வீட்டில் இருப்பது ஒரு கணினி. அலுவலகத்தில் ஐந்நூறு இருக்கலாம். ஒரே ஆர்டரில் வாங்கிய ஒரே மாடல் மடிக்கணினிகளைத் திறந்து பார்த்தால் சிலவற்றில் இன்டெல் வைஃபை கார்டு இருக்கும், சிலவற்றில் ரியல்டெக். எனவே மாடல் பெயரை நம்பி டிரைவரை அனுப்ப முடியாது. ஒவ்வொரு கருவியும் கணினியிடம் தன் அடையாள எண்ணைச் சொல்கிறது. அதன் ஒரு பகுதி தயாரிப்பாளரைக் குறிக்கும்: என்விடியாவுக்கு 10டிஈ, ஏஎம்டிக்கு 1002, இன்டெலுக்கு 8086. கடைசி எண் 1978இல் வந்த இன்டெலின் புகழ்பெற்ற சில்லின் பெயரும்கூட. பொறியாளர்களுக்கும் குறும்பு உண்டு. டிரைவரோடு வரும் தகவல் கோப்பில் எந்தெந்த எண்ணுக்கு அது பொருந்தும் என்ற பட்டியல் இருக்கும். எண் பொருந்தினால்தான் விண்டோஸ் அதை ஏற்றும். கூடவே மைக்ரோசாப்டின் டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும்.

கையொப்பம் இருப்பதாலேயே டிரைவர் நல்லதாகிவிடாது. 2014இல் எஃப்டிடிஐ என்ற பிரிட்டன் நிறுவனத்தின் யுஎஸ்பி டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்தது. தன் சில்லைப் போலவே செய்யப்பட்ட போலிச் சில்லைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும். கருவி செயலற்றுப் போகும். தன்னிடம் இருப்பது போலி என்றே தெரியாமல் வாங்கியவர்தான் மாட்டிக்கொண்டார். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

அளவும் ஒரு சிக்கல்தான். கிராபிக்ஸ் டிரைவர் ஒன்று 800 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஐந்நூறு கணினிகளும் தனித்தனியே இறக்கினால் 400 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பு வேறெதுவும் செய்யாமல் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் இதிலேயே மூழ்கிவிடும். அதனால்தான் அலுவலக சர்வரில் ஒருமுறை இறக்கிவைத்து உள்ளூர் வலையமைப்பில் பகிர்கிறார்கள். கணினிகள் தங்களுக்குள் துண்டு துண்டாகப் பரிமாறிக்கொள்ளும் வசதியும் விண்டோஸில் உண்டு.

டிரைவர்களிலேயே ஆபத்தானது நெட்வொர்க் கார்டின் டிரைவர். புதியதை அனுப்புவதும் அந்தக் கார்டு வழியாகத்தான்; தவறினால் பழையதைத் திருப்பி வைக்கப் போவதும் அதே வழிதான். உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டும் வேலை. பிசகினால் பென்டிரைவை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டியதுதான். கிரவுட்ஸ்டிரைக் பாதிப்பிலும் பல இடங்களில் அதுதான் நடந்தது. ஒவ்வொரு கணினியையும் சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் முதலில் 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்டச்சு செய்தாக வேண்டும்.

விவரம் தெரிந்த அட்மின் எதையும் எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்ப மாட்டார். முதலில் ஐ.டி. பிரிவின் சில கணினிகள், சில நாள் கழித்து ஒவ்வொரு துறையிலும் ஓரிரண்டு, பிறகே மற்றவை. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவின் பக்கமே போக மாட்டார். வேடிக்கை என்னவென்றால், கிரவுட்ஸ்டிரைக்கின் வாடிக்கையாளர்கள் பலர் இந்தக் கட்டுப்பாட்டை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். ஆனால் அது மென்பொருளின் பதிப்புக்கு மட்டுமே செல்லுபடியானது. டிரைவர் படிக்கும் விவரக் கோப்புகள் வேறு வழியாக, வரிசையில் நிற்காமல், நேராக எல்லாக் கணினிக்கும் போயின. இதை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; வடிவமைப்பிலேயே இருந்த அலட்சியம். பிறகுதான் அந்தக் கோப்புகளையும் படிப்படியாக வெளியிடும் முறைக்கு நிறுவனம் மாறியது.

சிறு அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிட்லாக்கர் மீட்பு எண்களை, குறைந்தது சர்வருடையதையாவது, இன்றே அச்சிட்டு பீரோவில் பூட்டி வையுங்கள். கணினி திறக்காத நாளில் கணினிக்குள் இருக்கும் பட்டியல் உதவாது.