எழுந்து நிற்கும் நிழல்

அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன், சிவனொளிபாதமலை யாத்திரை முடித்து வந்த மறுநாள், வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டான்.

“சேர், சூரியன் உதித்ததும் மேற்கே மலையின் நிழல் விழுந்தது. சற்று நேரத்தில் அது தரையை விட்டெழுந்து எங்களுக்கு எதிரே நின்றது. நிழல் எப்படி எழும்?”

உடன் சென்ற அவனுடைய அப்பாயி, “சாமி எந்திரிச்சு நிக்குது” என்று கும்பிட்டாராம். வகுப்பில் ஒருவன் சிரித்தான். மற்றொருவன், “அது ஒளிமுறிவு, சேர்” என்று விஷயத்தை முடித்துவிட்டான்.

கும்பிட்ட மூதாட்டியாரைப் பற்றி எனக்குக் கவலையில்லை; முடித்துவைத்த மாணவனைப் பற்றியே கவலை. விஞ்ஞானச் சொல்லொன்றை உச்சரித்ததும் விசாரணை முற்றுப்பெற்றதாக அவன் எண்ணிவிட்டான்.

வேடிக்கை என்னவெனில், ஏறக்குறைய அதே விடையை 1876 ஆம் ஆண்டில் அப்பே என்னும் ஆங்கிலப் பாதிரியாரும் கூறியிருந்தார். சிகரத்துக் காற்றுக்கும் தாழ்நிலத்துக் காற்றுக்குமுள்ள வெப்ப வேறுபாட்டால் ஒளி வளைந்து, கானல்நீரைப் போன்ற மாயத்தோற்றம் உண்டாகிறது என்பது அவர் கருத்து. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அளந்து பார்க்க ஒருவர் வரவேண்டியிருந்தது. 1880களில் ரால்ப் அபர்குரொம்பி என்ற வானிலை ஆராய்ச்சியாளர், வெப்பமானிகளுடன் 7,359 அடி உயரமான அச்சிகரத்தில் ஏறி இரவைக் கழித்தார். கானல் தோன்றுவதற்கு வேண்டிய அசாதாரண வெப்பநிலை எதனையும் அவர் அங்கே காணவில்லை. அவர் கண்டது வேறு. பள்ளத்தாக்கிலிருந்து காற்று மூடுபனியை மேலே தள்ளியபோது நிழல் அதன்மீது படிந்து எழுந்து நின்றது. பனி விலகியதும் மீண்டும் நிலத்தில் வீழ்ந்தது. நிழலின் உச்சியைச் சுற்றி வானவில் போன்ற வட்டமும் தென்பட்டது.

நிழல் முக்கோணமாக இருப்பதற்கும் காரணமுண்டு. தலவாக்கலையில் நின்று பார்த்தால் தண்டவாளங்கள் தூரத்தில் நெருங்குவது போலத் தோன்றுமல்லவா? பல மைல் நீண்ட நிழலின் விளிம்புகளும் அவ்வாறே குவிகின்றன. ஜப்பானின் பூஜி மலை உச்சி தட்டையானது; அதன் நிழலும் கூர்மையாகவே தெரிகிறது. சிகரத்திலுள்ள கட்டடங்கள் நிழலில் காணப்படாததும் விந்தையன்று. சூரியன் புள்ளியன்று, வட்டம். ஆகையால் 10 மீற்றர் அகலமான பொருளின் முழுநிழல் ஒரு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் மறைந்துவிடும்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, “உன் அப்பாயி எத்தனை முறை மலை ஏறியிருக்கிறார்? ஒவ்வொரு முறையும் நிழல் எழுந்ததா? கேட்டு வா” என்று அவனை அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. அவர் ஏழு முறை ஏறியிருக்கிறார். மூன்று முறைதான் எழுந்ததாம். “பனி ஏறாட்டி சாமி எந்திரிக்காது” என்றாராம்.

அபர்குரொம்பியின் முடிவுக்கு வேண்டிய சாட்சியம் லயத்து அடுப்பங்கரையில் இத்தனை காலமும் இருந்திருக்கிறது! ஒளிமுறிவு என்றவன்தான் அதனைக் கொப்பியில் முதலில் எழுதிக்கொண்டான். வரும் மார்கழிப் போயாவுக்குப் பின் மூவரும் வெப்பமானியொன்றுடன் நல்லதண்ணி வழியாக ஏறப்போகிறார்கள். அப்பாயியும் வருகிறாராம்.