நாலு பிளக், ஒரு சுவிட்ச், ஒரு பி.காம்.

எங்கள் வீட்டு ஹாலில் ஷோகேஸ் இருந்த இடத்தில் இப்போது ஐந்தரை அடி உயரத்தில் ஒரு பெட்டி நிற்கிறது. வருகிறவர்கள் பீரோ என்று நினைத்து, "கண்ணாடியை ஏன் சாய்ச்சு வெச்சிருக்கீங்க?" என்கிறார்கள். பீரோ இல்லை ஸார், வீடியோ கேம்ஸ் மெஷின்! சின்ன வயசில் பொருட்காட்சியில் டோக்கன் வாங்கி விளையாடினோமே, அதே ரகம். பிளைவுட் என் மச்சான் உபயம்.

உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், நெற்றியில் பெயர்ப் பலகைக்கு எல்.இ.டி. விளக்கு. நாலு ஐட்டம், நாலு பிளக், நாலு சுவிட்ச். பத்து நிமிஷம் விளையாட, பின்பக்கம் குனிந்து குனிந்து நாலையும் போட வேண்டும். "பூஜை ரூம்லகூட இத்தனை விளக்கு ஏத்த மாட்டீங்க" என்றாள் மனைவி. அன்றே முடிவு செய்தேன்: ஒரே சுவிட்ச்!

அந்தக் காலத்து ஒரிஜினல் மெஷின்களில் இந்தத் தொல்லையே இல்லை. 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ல் வந்த பேக்-மேன் எல்லாவற்றிலும் விளையாட்டு முழுக்க சிப்புக்குள் அழியாமல் பதிந்திருக்கும். கடைக்காரர் ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போகலாம். நஷ்டம், அன்றைய ஹைஸ்கோர் மட்டும்தான். கம்ப்யூட்டர் அப்படியில்லை. அது ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் ஃபைல்கள் கெட்டுப் போகலாம்.

இது தெரியாமல் நான் செய்தது என்ன? ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, நாலையும் சொருகி, அதன் ஒயரை நடுவில் வெட்டி ஒரு சுவிட்ச் வைத்தேன். போட்டேன். மூன்று ஐட்டம் உயிர் பெற்றது. கம்ப்யூட்டர் மட்டும் கல்லுப் பிள்ளையார். அதன் சொந்தப் பட்டனை அமுக்கினால்தான் விழிப்பேன் என்றது. பயாஸுக்குள் போய், 'கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகு' என்று மாற்றினேன். பிரமாதம்! எடிசனுக்கு அடுத்தது நான்தான் என்று ரெண்டு நாள் தூங்கவில்லை.

மூன்றாம் நாள், மெஷின் ஆஃபில் இருக்கும்போது, ஆறு வயது மகள் வெறுங்காலோடு வந்து, காசு போடும் இரும்புக் கதவைத் தொட்டாள்.

"அப்பா, எறும்பு கடிக்குது."

எறும்பைத் தேடினேன். இல்லை. டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. ஆஃப் செய்த மெஷினில்! எனக்கு வேர்த்துவிட்டது.

தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். "ஸார், எந்த ஒயரை வெட்டினீங்க?"

"நீலம்."

"அது நியூட்ரல் ஸார். பிரவுன்தான் பேஸ். நியூட்ரலை வெட்டினா மெஷின் நிக்கும், ஆனா 230 வோல்ட் உள்ளேயேதான் உக்காந்திருக்கும். பச்சை-மஞ்சளை வேற டேப் சுத்தி விட்டுட்டீங்க. அது எர்த்!"

எனக்குப் புரிகிற பாஷையில் சொல்வதானால், பேஸ் என்பது பற்று, நியூட்ரல் வரவு. எர்த் என்பது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். ஒன்றும் வரக்கூடாது. தப்பித் தவறி வந்துவிட்டால் போக அது ஒன்றுதான் இடம். நான் அந்த அக்கவுண்ட்டையே மூடிவிட்டிருந்தேன். கணக்கு என் மகள் பேரில் ஏறியிருக்கும்.

அப்புறம் அண்ணன் சொன்னதுதான் சரியான வழி. சுவரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேர் கரண்ட். அதன் பவர் பட்டனுக்குப் போகிற ரெண்டு மெல்லிய ஒயரை மட்டும் நீட்டி, பெட்டியின் முன்பக்கம் ஒரு பட்டன். அதில் ஓடுவது அஞ்சு வோல்ட்டுக்கு மேல் இல்லை. குழந்தை தாராளமாகத் தொடலாம். அடுத்து, ரிச்சி தெருவில் வாங்கிய 12 வோல்ட் ரிலே ஒன்று. கம்ப்யூட்டர் விழித்ததும் அதன் மஞ்சள், கறுப்பு ஒயரில் வரும் 12 வோல்ட் ரிலே காயிலை இழுக்கும். 'டக்'! மற்ற மூன்றுக்கும் பேஸ் போகும். காயில் அணையும்போது உதைக்கும் உதையைத் தாங்க, குறுக்கே ஒரு டயோடு. இரும்பு எல்லாவற்றுக்கும் எர்த். 230 வோல்ட் வேலை முழுக்க அண்ணன். நான் டார்ச் பிடித்தேன். பிடித்தவரைக்கும் நன்றாகவே பிடித்தேன்.

அணைப்பதும் அதே பட்டன்தான். ஒரு தரம் அமுக்கினால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டுத் தூங்கும். 12 வோல்ட் நிற்கும், ரிலே விடும், மூன்றும் அணையும். பயாஸை மறக்காமல் பழையபடி மாற்றிவிட்டேன். இல்லாவிட்டால் நடுராத்திரி கரண்ட் போய் வரும்போது, வீடே அலற மெஷின் தானே எழுந்து பாட்டுப் பாடும்!

நீங்களும் செய்யப்போகிறீர்களா? மானிட்டர் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பாருங்கள். தானே எரிந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். டெஸ்டர் ஒன்று வாங்குங்கள். ஒயரை வெட்ட ஓர் அண்ணனைக் கூப்பிடுங்கள்.

முதல் நாள் மகளையே பட்டனை அமுக்கச் சொன்னேன். டக். நாலும் எரிந்தன. அவள் விளையாடப் போகவில்லை. ஒரு விரலை மட்டும் நீட்டி, இரும்புக் கதவை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எறும்பு போயிடுச்சுப்பா."