விலாவுக்குள் ஒரு சாண்

இதயத்தில் குண்டு பாய்ந்தால் மான் அங்கேயே விழுந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். பெரும்பாலும் அது ஓடுகிறது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநில இயற்கை வளத் துறையைச் சேர்ந்த சார்லஸ் ரூத், ஒரு வேட்டைக் கழகத்தின் நிலத்தில் ரைஃபிளால் சுடப்பட்ட 493 வெண்வால் மான்களின் விவரங்களை ஆராய்ந்தார். குண்டு எங்கே பட்டது, பட்ட பிறகு மான் எவ்வளவு தூரம் போனது என்பதுதான் கணக்கு. இதயத்தில் பட்டவை சராசரியாக 39 கெஜம் போயிருந்தன. நுரையீரலில் பட்டவை 50 கெஜம், வயிற்றில் பட்டவை 69 கெஜம். தோளில் பட்டவையோ சராசரியாக 3 கெஜத்தில் சாய்ந்துவிட்டன.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் தோளில்தான் சுட வேண்டும் என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் புதிதாக வேட்டை உரிமம் வாங்க வருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவது பெரும்பாலும் வேறு: பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே ஏறி, நுரையீரலைக் குறிவை. 50 கெஜம் ஓடவிடும் இடத்தை ஏன் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்? சுடுகிறவரின் கை நடுங்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சொல்லப்படும் அறிவுரை அது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அமெரிக்காவின் நிலைமை வேறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில லட்சங்களாகச் சுருங்கிப்போயிருந்த வெண்வால் மான்கள் இன்று ஏறத்தாழ 3 கோடி. ஓநாயும் பூமாவும் நாட்டின் பெரும்பகுதியிலிருந்து துரத்தப்பட்டுவிட்டதால், அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு துப்பாக்கிக்காரர்களிடம் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் மான்கள் சுடப்படுகின்றன. இத்தனை உயிர்கள் சாகிற விதம் எப்படி இருக்க வேண்டும் என்பது அறிவியல் பேச வேண்டிய விஷயம்தான்.

மானின் உள்ளமைப்பு நமக்குப் புதிதல்ல. கறிக்கடையில் உரித்துத் தொங்கும் வெள்ளாட்டை நினைத்துக்கொண்டால் போதும். முன்னங்கால்களுக்கு இடையில், மார்புக்கூட்டின் அடித்தளத்தில் இதயம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலும் பின்னும் மார்புக்கூடு முழுவதையும் நுரையீரல்கள் நிரப்புகின்றன. உதரவிதானம் என்ற மெல்லிய தசைத் திரைக்குப் பின்னால் ஈரல், அதற்கும் பின்னால் அசைபோடும் விலங்குக்கே உரிய பெருத்த இரைப்பையும் குடலும். இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதியைப் பக்கவாட்டில் பார்த்தால் குறுக்களவு ஏறத்தாழ ஒரு சாண், 20 முதல் 25 செ.மீ. வரை.

முதுகெலும்பு இருக்கும் இடம்தான் பலரை ஏமாற்றிவிடுகிறது. முதுகின் மேல்கோட்டை ஒட்டியே தண்டுவடமும் ஓடுகிறது என்று நினைக்கிறோம். தோளுக்கு மேலே முதுகெலும்பின் முட்கள் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கின்றன. தண்டுவடம் அவற்றுக்கு வெகு கீழே தாழ்ந்து வளைந்து போகிறது. உயரப் போன குண்டு அந்த முட்களில் ஒன்றை உடைத்தால் மான் சுருண்டு விழும். சுட்டவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடிவிடும். தண்டுவடம் அதிர்ந்ததே தவிர அறுபடவில்லை.

இதயம் சிதைந்த விலங்கால் எப்படி ஓட முடிகிறது? 1943-இல் ரால்ஃப் ராசனும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு உதவும். மனிதர்களின் கழுத்தில் காற்றுப்பட்டையைக் கட்டி, மூளைக்குப் போகும் இரத்தத்தை ஒரே நொடியில் நிறுத்திப் பார்த்தார்கள். (இன்று எந்த அறநெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது.) சராசரியாக 7 நொடிகளில் நினைவு போனது. இரத்தம் நின்ற பிறகும் மூளை தன்னிடம் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்துச் சில நொடிகள் வேலை செய்கிறது. கால் தசைகளுக்கோ அந்தச் சில நொடி ஓட்டத்துக்கு இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜன் தேவையே இல்லை. தசைக்குள் சேமித்து வைத்த பாஸ்ஃபோகிரியேட்டினே போதும். வெண்வால் மான் மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியது. நொடிக்கு 13 மீட்டர். 39 கெஜம் என்பது ஏறத்தாழ 36 மீட்டர். முழு வேகத்தில் மூன்று நொடியும் ஆகாது. ஆக, அந்த ஓட்டத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் உடலின் ஓட்டம்.

நுரையீரலில் பட்டால் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அங்கே இரத்தமும் காற்றும் ஒன்றாகக் கசிகின்றன. மார்புச் சுவரில் துளை விழுந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்து நுரையீரலைச் சுருங்க வைக்கும். 70 கிலோ மானின் உடலில் இருப்பது ஐந்து லிட்டர் அளவுக்கு இரத்தம். அதில் மூன்றில் ஒரு பங்கு போனாலே இரத்த அழுத்தம் சரிந்து விலங்கு நிலைகுலையும். தோளில் பட்ட மான் விழும் காரணம் முற்றிலும் வேறு. எலும்பு நொறுங்குவது ஒன்று. முன்னங்காலுக்குப் போகும் நரம்புக் கற்றையும், தாழ்ந்து வரும் தண்டுவடமும் பக்கத்திலேயே இருப்பது இன்னொன்று. உயிர் போவதற்கு முன்பே உடல் நிற்கும் வழியை இழந்துவிடுகிறது.

இப்போது கை நடுக்கத்துக்கு வருவோம். நுரையீரலின் நடுவைக் குறிவைத்து ஒரு விரற்கடை முன்னால் போனால் தோள். கீழே போனால் இதயம். மேலே போனால் தண்டுவடம். சற்றுப் பின்னால் போனால் ஈரல். அதுவும் இரத்தம் நிறைந்த உறுப்புதான், கொஞ்சம் தாமதமானாலும் சாவு நிச்சயம். தோளைக் குறிவைத்தவருக்கு இந்தச் சலுகைகள் குறைவு. முன்னால் தவறினால் மார்புத் தசையைக் கிழித்து, விலங்கைச் சாகவும் விடாமல் பிழைக்கவும் விடாமல் அனுப்பிவிடும். தலையைக் குறிவைப்பது எனக்குப் புரியாத துணிச்சல். மூளை சிறியது, தலை ஓயாமல் அசைவது. சில செ.மீ. தவறினால் தாடை உடைந்த மான் பல நாள் பட்டினி கிடந்து சாகும். நல்ல குறி என்பது எங்கே பட்டால் சீக்கிரம் சாகும் என்பதைவிட, எங்கே தவறினாலும் சீக்கிரம் சாகும் என்பதைப் பொறுத்தது. தென் கரோலினாக் கணக்கில் 69 கெஜம் ஓடிய வயிற்று மான்கள் தேடிக் கண்டெடுக்கப்பட்டவை மட்டுமே என்பதையும் மறந்துவிடக் கூடாது. கிடைக்காமல் போன மானின் ஓட்டத்தை யாரும் அளக்க முடியாது.

குறி தவறாமல் சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நார்வேயில் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். பெரிய மான் வகைகளை வேட்டையாட விரும்புகிறவர் ஒவ்வோர் ஆண்டும் சுடும் தேர்வு எழுத வேண்டும், அதாவது சுட்டுக் காட்ட வேண்டும். 100 மீட்டர் தொலைவில் மானின் உருவம். அதன் மார்பில் 30 செ.மீ. வட்டம். ஐந்து குண்டுகளும் அதற்குள் விழ வேண்டும். நாலு விழுந்தால் தோல்வி.

மான் எப்போதும் பக்கவாட்டில் நிற்குமா என்ன? சற்றுத் திரும்பி, நமக்கு முதுகு காட்டிச் சாய்வாக நிற்கும்போது முன்னங்காலுக்குப் பின்னால் சுட்டால் குண்டு ஒரு நுரையீரலின் ஓரத்தை மட்டும் தொட்டு, தோளைக் கிழித்துக்கொண்டு போய்விடும். ஒரு நுரையீரல் மட்டும் காயம்பட்ட மான் நெடுந்தூரம் போகும். அதனால் தேர்ந்தவர்கள் குண்டு நுழையும் இடத்தைப் பார்ப்பதில்லை. மறுபக்கத்து முன்னங்காலை மனத்தில் வைத்து, குண்டு அங்கே போய்ச் சேர எங்கே நுழைய வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். மரத்தில் கட்டிய பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போதும் இதே கணக்கு. தோலில் ஒரு புள்ளியைத் தேடும் வேலையாக இருந்தது, உடலுக்குள் ஒரு கோட்டை வரையும் வேலையாக மாறிவிடுகிறது. நேர் பின்னாலிருந்து சுடுவதை இந்தக் காரணத்தாலேயே எல்லோரும் விலக்குகிறார்கள். அந்தக் கோடு மார்பை அடையும் முன் இரைப்பை முழுவதையும் கடந்தாக வேண்டும்.

குறி சரியாக இருந்தாலும், எய்தது போய்ச் சேரும்வரை மான் அசையாமல் நிற்க வேண்டும். .308 ரைஃபிளின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒலியின் வேகம் 343 மீட்டர். வெடிச்சத்தம் காதில் விழும் முன்பே குண்டு மானுக்குள் இருக்கும். வில்லால் வேட்டையாடுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. நொடிக்கு 90 மீட்டர் போகும் அம்பு 30 மீட்டரைக் கடக்க மூன்றில் ஒரு நொடி ஆகிறது. நாண் அதிர்ந்த சத்தம் அதற்குள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிடும். பாய்ந்து ஓடத் தயாராகும் மான் முதலில் கால்களை மடக்கித் தாழ்கிறது. அம்பு முதுகுக்கு மேலே பறந்துபோகும். வில்லாளிகள் பலர் கொஞ்சம் கீழே குறிவைப்பது இதனால்தான்.

குண்டு உள்ளே போய் என்ன செய்கிறது என்பதில் ஒரு விநோதமான வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கம் நம் நாட்டில். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் தோட்டாத் தொழிற்சாலையில், 1890-களில், நெவில் பெர்ட்டி-கிளே என்ற ஆங்கிலேய அதிகாரி, நுனியில் உலோக உறை இல்லாத குண்டை உருவாக்கினார். உடலில் பட்டதும் மெத்தென்ற ஈய நுனி மழுங்கி அகன்று பெரிய காயத்தை உண்டாக்கியது. 1899-இல் ஹேக் மாநாடு இப்படிப்பட்ட விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அதே கண்டுபிடிப்பைத்தான் இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் கட்டாயமாக்குகிறது: ரைஃபிளால் மானைச் சுட்டால் மென்நுனி அல்லது துளைநுனிக் குண்டாகவே இருக்க வேண்டும். போர்க்களத்தில் கொடுமை எனப்பட்டது காட்டில் கருணையாகிவிட்டது. முழு உறை போட்ட குண்டு மெல்லிய துளையிட்டு மறுபக்கம் போய்விடும், மான் மணிக்கணக்கில் அலையும் என்பதே காரணம்.

அகலும் குண்டு இரண்டு விதக் காயங்களை உண்டாக்குகிறது. ஒன்று, அது நசுக்கிக்கொண்டே போகும் நிரந்தரத் துளை. மற்றது, அதன் வேகத்தால் சதை வெளித்தள்ளப்பட்டு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு மட்டும் உருவாகும் தற்காலிகக் குழி. சான் ஃபிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் இராணுவ ஆய்வு நிறுவனத்தில் 1980-களில் மார்ட்டின் ஃபாக்லர் ஜெலட்டின் கட்டிகளில் சுட்டுச் சுட்டு இதைப் பிரித்துக் காட்டினார். நுரையீரல் காற்று நிறைந்தது, நெகிழக்கூடியது. தற்காலிகக் குழியைத் தாங்கிக்கொண்டு திரும்பிவிடும். ஈரல் அப்படி இல்லை, பிளந்துவிடும். துப்பாக்கி எவ்வளவு பெரியது என்று பேசிக்கொண்டே இருக்கும் வேட்டைக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. எத்தனை வலிய குண்டானாலும் குடலில் பட்டால் குடல் காயம்தான்.

சுட்ட பிறகு தரையைப் படிப்பது தனிக் கலை. இளஞ்சிவப்பாக நுரைத்த இரத்தம் நுரையீரலைச் சொல்லும். கறுத்த சிவப்பு ஈரல். பச்சையும் நாற்றமும் கலந்திருந்தால் இரைப்பை, அப்போது உடனே பின்தொடரக் கூடாது. பல மணி நேரம் விட்டுவிட்டால் மான் அருகிலேயே படுத்து இறக்கும், துரத்தினால் எழுந்து காத தூரம் போய்விடும். ஜெர்மனியில் இந்த வேலைக்கென்றே ஹனோவர் மோப்ப நாய் இனத்தை வளர்க்கிறார்கள். துரத்தப்பட்ட மானின் கறியும் கெட்டுவிடுகிறது. ஓடி ஓடித் தசையின் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோவதால், இறந்த பிறகு உண்டாக வேண்டிய அமிலம் உண்டாகாமல் கறி கறுத்து, சீக்கிரம் கெடும்.

தோளைக் குறிவைப்பதற்கு எதிராக அண்மைக் காலத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. எலும்பில் மோதும் ஈயக் குண்டு நூற்றுக்கணக்கான துணுக்குகளாகச் சிதறுகிறது. எக்ஸ்-ரே படங்களில் அவை காயத்தைச் சுற்றி வெகு தூரம் பரவிக் கிடக்கின்றன. வேட்டைக்காரர்கள் காட்டிலேயே விட்டுப்போகும் குடல் குவியலைத் தின்ற கலிஃபோர்னியக் காண்டர்கள் என்ற பிணந்தின்னிக் கழுகுகள் ஈய நஞ்சால் செத்தன. 1982-இல் உலகில் அவை 22 மட்டுமே இருந்தன. நம் ஊர்ப் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு, மாடுகளுக்குப் போடும் வலிமருந்தான டைக்ளோஃபெனாக் என்ன செய்ததோ அதை அவற்றுக்கு ஈயம் செய்தது. 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு முழுவதுமாகத் தடை.

அதன் இடத்தில் வந்த செப்புக் குண்டு சிதறுவதில்லை, முழுதாகவே துளைத்துப் போகிறது. துணுக்குகள் இல்லாததால் நுரையீரலில் விழும் காயம் சற்று ஒடுக்கமாக இருக்கிறது என்று சொல்லி, வேட்டைக்காரர்களில் சிலர் குறியை இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்தித் தோளின் பின்விளிம்புக்குக் கொண்டுபோகிறார்கள். எலும்பு உடைந்தாலும் கறியில் ஈயம் கலக்கும் பயம் இப்போது இல்லை.