மழைக்காட்டில் அடைப்பான்

அடைப்பான் நோயைக் கால்நடை வளர்ப்போர் நன்கறிவர். மண்ணிற் கிடக்கும் வித்திகளைப் புல்லோடு உட்கொண்ட மாடு, காலையில் மேய்ந்து மாலையில் மடியும். பற்றீரியங்கள் குருதியிற் பெருகி நஞ்சைச் சொரிவதே காரணம். 1876 இல் ரொபேட் கோச் என்னும் ஜேர்மானியர் இக்கிருமியின் வாழ்க்கை வட்டத்தை விளக்கிப் புகழ்பெற்றார். நாம் இதனைப் புல்வெளியின் நோயென்றே கற்றோம். மரத்திற்கு மரம் தாவும் சிம்பன்சிக்கும் இதற்கும் யாது தொடர்பு?

மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ற் நாட்டில் தாயி என்னும் தேசிய வனம் உளது. 1979 தொடக்கம் ஆய்வாளர் அங்குள்ள சிம்பன்சிகளை அவதானித்து வருகின்றனர். 2001 ஆம் ஆண்டின் இறுதியில், நலமாயிருந்த சிம்பன்சிகள் சில திடீரெனச் சோர்ந்து, வாந்தியெடுத்து, சில மணி நேரத்துள் இறந்தன. 1994 இல் எபோலா வைரசு அவ்வனத்துச் சிம்பன்சிகள் பலவற்றைக் கொன்றிருந்தமையால், ஐயம் முதலில் அதன்மேலேயே சென்றது. ஆயின் இறந்தவற்றின் உறுப்புக்களிற் காணப்பட்டதோ அடைப்பானை ஒத்த பற்றீரியம். பேர்லினிலுள்ள கோச்சின் பெயர் தாங்கிய நிலையத்தாரே இவ்வாராய்ச்சியில் முன்னின்றனர். இஃது எத்துணைப் பொருத்தம்!

வியப்பு அத்துடன் முடியவில்லை. இக்கிருமி, பழஞ்சோற்றில் வளர்ந்து வயிற்றோட்டம் உண்டாக்கும் பசிலசு செரியசு என்பதன் குலத்தது. அடைப்பான் கிருமிக்கு நஞ்சையும் உறையையும் அளிக்கும் இரு பிளாசுமிட்டுக்கள் இதனிடத்தும் உள. அயலவன் கையிற் கொலைவாள் அகப்பட்டாற் போலாம்.

26 ஆண்டுகளாகச் சேர்ந்த உடல்களையும் எலும்புகளையும் ஆராய்ந்த முடிவுகள் 2017 இல் வெளியாயின. ஆராயப்பட்ட விலங்குடல்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 இக்கிருமியால் மடிந்தவை. சிம்பன்சிகளுள் பாதிக்கு மேற்பட்டவை. குரங்குகள், சிறு மான்கள், முள்ளம்பன்றி எவையும் தப்பவில்லை. பிணந்தின்னும் இலையான்களிலும் கிருமி இருந்தது. அவை மரவுச்சி வரையும் பறப்பன.

சிம்பன்சித் தாய் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறையே ஈனும். இழப்பை ஈடுசெய்ய அதற்குக் காலம் போதாது. இந்நிலை நீடிப்பின் தாயியின் சிம்பன்சிகள் 150 ஆண்டுகளுள் அற்றுப்போகலாம் என்பது அவ்வாராய்ச்சியாளரின் கணிப்பு. மாட்டைக் கட்டிவைத்துத் தடுப்பூசி ஏற்றலாம். மரக்கொம்பரில் உறங்கும் உயிருக்கு யார் ஏற்றுவது? வனத்தின் அயலில் வாழும் மக்கள் சிலரது குருதியிலும் இக்கிருமிக்கெதிரான பிறபொருளெதிரிகள் காணப்பட்டுள்ளன.