மாரிக்கு முன் கூரை ஓரத்தை ஒருமுறை பாருங்கள்

பரந்தனுக்கு உட்பக்கமாக இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு தகர றங்குப்பெட்டி இருக்கிறது. காணி உறுதியின் பிரதி, பிறப்புச் சான்றிதழ்கள், அண்ணாவின் இரண்டு புகைப்படங்கள், அவனைத் தேடி அம்மா ஒவ்வொரு இடமாகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் எல்லாம் அதற்குள்தான். அவற்றில் சில பொலித்தீன் பைக்குள் சுற்றப்பட்டு மாத்தளன் வரை வந்து, முகாமுக்கும் போய், எங்களோடு திரும்பி வந்த கடதாசிகள். பதுங்குகுழிக்குள் நனையாமல் காப்பாற்றிய அந்தக் கடதாசிகள் ஒரு கார்த்திகை மாதம் எங்கள் சொந்தக் கல்வீட்டுக்குள் நனைந்தன.

"பிள்ளை, ஓடு ஒழுகேல்லை. ஆனா சுவர் நனையுது" என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அது விளங்கவில்லை. ஓடு ஒழுகாமல் சுவர் எப்படி நனையும்? அடுத்த நாள் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அறை மூலையில், சுவரும் கூரையும் சேரும் இடத்திலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியிருந்தது. அதற்கு நேர் கீழே வாங்கின் மேல் பெட்டி. மூடியின் பிணைச்சல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தது.

பக்கத்து ஊரிலிருந்து வந்த வயதான தச்சர் ஓட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஏணியைக் கூரை ஓரத்தில் சாத்தி ஏறி, பீலி பூட்டியிருந்த பலகையில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது புட்டுக்குள் போவதுபோலப் போனது. "ஓட்டில பிழையில்லை பிள்ளை. பீலிதான் வீட்டைத் திண்டிருக்கு" என்றார்.

கூரையின் கைமரங்களுடைய நுனிகளை மறைத்து நீளமாக அடிக்கும் பலகையை எங்கள் பக்கத்து மேசன்மார் வலன்ஸ் பலகை என்பார்கள். பீலி அதில்தான் தொங்குகிறது. எங்கள் பீலியில் வேப்பம் இலையும் ஓட்டுப் பாசியும் சேர்ந்து சேறாகி, இறங்கு குழாயின் வாயை அடைத்திருந்தன. நிரம்பிய தண்ணீர் முற்றத்துப் பக்கம் வழிந்திருந்தால் நாங்கள் கண்டிருப்போம். அது பின்பக்கமாக வழிந்து, பலகையை ஊறவைத்து, கைமர நுனிகளை நனைத்து, சுவரின் மேல் கிடக்கும் வளைக்குப் போய், அங்கிருந்து அறைக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு மாரியில் நடந்த வேலையல்ல இது. மூன்று, நான்கு மாரியாக நடந்திருக்கும் என்றார் தச்சர்.

எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் 2013 இல் கட்டிய வீடு. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டுவது நாங்களே. அந்தக் காசில் வீட்டை முடிக்க முடியாமல் நகையை அடகு வைத்தவர்களையும் கடன் எடுத்தவர்களையும் எல்லாக் கிராமத்திலும் காணலாம். அப்படியிருக்கப் பீலி யாருடைய நினைவிலும் இருக்கவில்லை. கூரை போட்டால் போதும், கதவு பூட்டினால் போதும் என்றிருந்தோம். எங்கள் வீட்டுக்குப் பீலி வந்தது மூன்று வருடங்கள் கழித்து. பூட்டியவர் கண்மட்டத்துக்கு நேராகப் பூட்டிவிட்டுப் போனார். வாட்டம் இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எங்கள் கூரை ஏறக்குறைய 28 அடி நீளம், 25 அடி அகலமான இடத்தை மூடுகிறது. அது 65 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். ஆகவே 100 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு நாளில் எங்கள் கூரையில் 6,500 லீற்றர் விழும். இருபுறச் சாய்வு என்பதால் ஒரு பக்க ஓரத்துக்கு வருவது 3,250 லீற்றர். கறுப்பு நிற 1,000 லீற்றர்த் தாங்கி மூன்றைக் கூரை ஓரத்தில் கவிழ்த்து ஊற்றுவது போன்றது அது. 2008 இல் நிஷா புயல் மழையைத் தறப்பாளுக்குக் கீழே இருந்து பார்த்தவர்களுக்கும், 2020 மார்கழியில் புரவி வந்தபோது முற்றம் குளமானதைப் பார்த்தவர்களுக்கும் இப்படி ஒரு நாள் புதுமையல்ல.

பீலியே இல்லாவிட்டால் இந்தத் தண்ணீர் நேராக நிலத்தில் விழும். விழும் இடத்தில் கோடு போட்டது போல மண் அரியும். தெறிக்கும் சேறு சுவரின் அடி இரண்டு அடியையும் ஊறவைக்கும். பூச்சு உப்புப் பூத்து உதிரும். வன்னியின் களிமண் காணிகளில் இன்னொரு தொல்லை இருக்கிறது. களி நனைந்தால் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அத்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் இப்படி நனைந்து காய்ந்தால் யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்புக் கிளம்பும். அதைச் சீமெந்து வைத்து அடைத்துவிட்டு, அடுத்த மாரியில் அதே இடத்தில் மறுபடியும் காண்போம்.

ஆனாலும் அடைபட்ட பீலியை விடப் பீலி இல்லாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பீலி இல்லாத கூரை தண்ணீரை எறிந்துவிடுகிறது. அடைபட்ட பீலி அதைப் பிடித்து மரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. முந்திய மண்வீடுகளில் கிடுகுக் கூரை சுவரைத் தாண்டி நன்றாக இறங்கியிருக்கும், திண்ணை உயர்ந்திருக்கும். நாற்சார் வீடுகளில் நடு முற்றத்தைச் சுற்றி ஓடிய பீலிகளை ஒவ்வொரு மாரிக்கும் முன் துப்புரவாக்க வீட்டில் ஆள் இருந்தது. இப்போது இறவாரத்தையும் குறுக்கிவிட்டோம், ஆளும் இல்லை.

பீலி பூட்டும்போது நிற்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விடயங்கள் அதிகமில்லை. இறங்கு குழாய் இருக்கும் பக்கத்துக்கு 10 அடிக்கு அரை அங்குலம் வாட்டம் வேண்டும். 28 அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். நூல் பிடித்துத்தான் பூட்ட வேண்டும், கண்ணை நம்பக்கூடாது. கொழுவிகள் 2 அடிக்கு ஒன்றாக இருந்தால் பிளாஸ்டிக் பீலி வெயிலில் தொய்யாது. பீலியின் வெளி விளிம்பு உள் விளிம்பை விடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் அடைபட்டாலும் தண்ணீர் முற்றத்தில்தான் விழும், வீட்டுக்குள் வராது. எங்கள் வீட்டில் இந்த ஒன்று சரியாக இருந்திருந்தால் பெட்டி நனைந்திருக்காது. கடைசி வரிசை ஓடு பீலிக்குள் ஒன்றரை அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீளம் போதாவிட்டால் ஓட்டுக்குக் கீழே ஒரு தகரப் பட்டியைச் செருகிப் பீலிக்குள் மடித்துவிடலாம்.

இறவாரத்தின் அடிப்பக்கத்தைச் சிலர் சீலிங் அடித்து மூடிவிடுவார்கள். ஆங்கிலத்தில் சொஃபிட் என்பது இதைத்தான். வௌவாலும் அணிலும் சாரலும் உள்ளே போகாமல் அது தடுக்கும். ஆனால் காற்றுப் போக வழியில்லாமல் முழுதாக மூடினால் உள்ளே ஈரம் அடைபட்டு மரம் உக்கும். இடைக்கிடை துளை விட்டு, அதற்கு நுளம்பு வலை அடிப்பதே சரி. அடைத்த சீலிங் ஒரு நன்மையும் செய்கிறது: மேலே நடப்பதை அது கீழே எழுதிக் காட்டும். பீலியை ஒட்டிய விளிம்பில் தேயிலைச் சாய நிறத்தில் கறை தெரிந்தால் தண்ணீர் பின்பக்கம் வழிகிறது. சுவரை ஒட்டிய பக்கத்தில் கறை என்றால் ஓடு உடைந்திருக்கலாம். சுவரிலிருந்து சீலிங்குக்கு மண் கோடு ஏறினால் அது கறையான். நனைந்த மரத்தை அது சும்மா விடாது. சீலிங்குக்குத் தட்டை அஸ்பெஸ்ரஸ் சீற் அடித்திருந்தால் அதை அரம் கொண்டு தேய்க்கவோ காய்ந்தபடி அறுக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

எப்போது துப்புரவாக்குவது? வேம்பு மாசி, பங்குனியில் இலை கொட்டும். அதைக் கோடையில் எடுக்காவிட்டாலும் புரட்டாதிக்குள் எடுத்துவிட வேண்டும். முதல் பெருமழைக்குப் பிறகு இன்னொரு முறை பார்த்தால் நல்லது. வேம்பும் முருங்கையும் புளியும் நிற்கும் வளவுகளில் பீலிக்கு வலை போடுவதை நான் பெரிதாக நம்பவில்லை. அந்தச் சின்ன இலைகள் எந்த வலைக்குள்ளாலும் போய்விடும். டெங்கு வேறு இருக்கிறது. எங்கள் மாவட்டங்களில் அது கூடுவது மாரியோடும் அதற்குப் பின்னும்தான். பீலியில் தேங்கும் ஒரு சிரட்டைத் தண்ணீரே நுளம்புக்குப் போதும். நுளம்பு பெருக விடுவதைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர் மீது வழக்கும் போடலாம்.

யார் ஏறுவது என்பதுதான் எங்கள் ஊர்களில் உண்மையான சிக்கல். அம்மாவின் முழங்காலுக்குள் இன்னும் ஒரு செல் துண்டு இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடுகள். அவற்றில் மூன்றில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள், ஒன்றில் ஒரு கால் இழந்தவர். இப்படிப்பட்டவர்கள் ஏணியில் ஏற வேண்டாம். தச்சர் செய்து தந்த உபாயம் இது: முக்கால் அங்குலப் பிவிசி குழாய் 10 அடி, அதன் நுனியில் இரண்டு எல்போ பூட்டி ஊன்றுகோலின் கைபிடி போல வளைத்து, அடியில் தண்ணீர்க் குழாயைச் செருக வேண்டும். நிலத்தில் நின்றபடியே வளைந்த நுனியைப் பீலிக்குள் விட்டு, இறங்கு குழாயை நோக்கிக் கழுவிக்கொண்டு போகலாம். மின்சார வயர் சுவருக்கு வரும் மூலையில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். கழுவ முடியாதவர்கள் மழை நேரம் குடையோடு முற்றத்தில் நின்று பத்து நிமிடம் பார்த்தாலே போதும். எங்கே வழிகிறது, எங்கே சொட்டுகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு கூலிக்கு வருபவரிடம் இடத்தைக் காட்டலாம்.

இறங்கு குழாயின் வாயை அத்திவாரத்தடியில் விட்டால் செய்த வேலையெல்லாம் வீண். ஐந்தாறு அடியாவது தள்ளிக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் வாழைப்பாத்திக்கு விட்டிருக்கிறோம். வருடம் முழுவதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்றுக்குத் தண்ணீர் தருவது மழை மட்டுமே என்பதால், அங்குள்ளவர்கள் வளவுக்குள் கல் நிரப்பிய குழி ஒன்று வெட்டி அதற்குள் விடலாம்.

உக்கிய பலகையில் 12 அடியைக் கழற்றிப் புதிதாக அடித்தோம். இரண்டு கைமர நுனிகளுக்குப் பக்கத்தில் துணை மரம் வைத்தோம். பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையில் பழைய பத்திரிகைத் தாள் வைத்து, காற்றாடிக்குக் கீழே இரண்டு நாள் காயவிட்டோம். முறைப்பாட்டுப் பிரதிகளில் இரண்டில் மை கரைந்து வாசிக்க முடியாமல் போய்விட்டது. அண்ணாவின் புகைப்படங்களில் ஒன்று பொலித்தீனோடு ஒட்டிவிட்டது. அம்மா அதைப் பிரிக்க விடவில்லை. பெட்டி இப்போது நடுச்சுவரோடு இருக்கிறது, வெளிச்சுவர்ப் பக்கம் இல்லை.

இந்தப் புரட்டாதியில் நான் கேட்பதற்கு முதலே அம்மா அழைத்துச் சொன்னார்: "பிள்ளை, பீலி கழுவியாச்சு. வேப்பம் இலை மட்டும் ஒரு கடகம்."