நட்சத்திரங்களின் நாக்கைப் பழக்கியவர்

ஹாலிவுட்டில் பேர்போன நடிகர்கள் பலருக்குப் பேசக் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். சின்ன வயதில் அவருக்கே திக்குவாய்!

அவர் பெயர் ராபர்ட் ஈஸ்டன். 1930-ம் ஆண்டில், அமெரிக்காவின் வடபகுதியில் உள்ள மில்வாக்கி நகரில் பிறந்தார். ஏழு வயதில் தாயாருடன் தெற்கே டெக்சாஸ் மாநிலத்துக்குக் குடிபோனார். வடக்கே ஒரு பேச்சு, தெற்கே வேறு பேச்சு. வடக்கத்தியார் 'டைம்' என்பார்கள். தெற்கத்தியார் அதையே 'டாம்' என்று இழுப்பார்கள். தன் வாய் திக்கியதால், பையன் அடுத்தவர் வாயைக் கவனித்தான். வேறொருவர் குரலில் பேசும்போது திக்குவாய்க்காரர் பலருக்குத் திக்கல் குறைவது உண்டு.

14 வயதில் 'க்விஸ் கிட்ஸ்' என்ற வானொலி நிகழ்ச்சியில், கெட்டிக்காரப் பிள்ளைகளில் ஒருவனாக அவன் பதில் சொன்னான்!

பட்டிக்காட்டான் வேடம்

பிறகு நடிக்கப் போனார். நெடுநெடுவென்று உயரம், இழுத்து இழுத்துப் பேசும் தெற்கத்திப் பேச்சு. தயாரிப்பாளர்களின் கண்ணுக்கு அவர் பட்டிக்காட்டானாகத்தான் தெரிந்தார். படத்துக்குப் படம் அதே வேடம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் அதைத் தாண்டி ஒரு படி ஏற முடியவில்லை. சோறு போட்ட பேச்சே காலுக்கு விலங்காகிவிட்டது.

1961-ல் கலியாணம் செய்துகொண்டு மனைவியுடன் இங்கிலாந்து போனார். லண்டன் யூனிவர்சிடி காலேஜில் ஒலியியல் படித்தார். அந்தத் துறையை வளர்த்தவர், உலகப் புகழ் பெற்ற டேனியல் ஜோன்ஸ். எந்த ஒலிக்கு நாக்கு எங்கே படுகிறது, உதடு எப்படிக் குவிகிறது, தாடை எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் அங்கே பாடம்.

வேடிக்கை என்னவென்றால், லண்டனிலும் அந்தப் பழைய பேச்சு அவரை விடவில்லை. 1964-ல் வெளிவரத் தொடங்கிய 'ஸ்டிங்ரே' என்ற பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடரில், 'ஃபோன்ஸ்' என்ற பொம்மைக்குக் குரல் கொடுத்தார். அந்தப் பொம்மையும் தெற்கத்திக்காரன்தான்!

பேச்சு வாத்தியார்

அமெரிக்கா திரும்பியவர், சக நடிகர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். 'ஹாலிவுட்டின் ஹென்றி ஹிக்கின்ஸ்' என்று பெயர் வந்தது. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' நாடகத்தில், பூக்காரியின் பேச்சைத் திருத்திச் சீமாட்டி போல ஆக்குகிறாரே, அந்தப் பேராசிரியர்தான் ஹிக்கின்ஸ். ஆனால் ஒரு வித்தியாசம். ஹிக்கின்ஸுக்குத் தெரிந்த நல்ல பேச்சு ஒன்றே ஒன்று. ஈஸ்டனுக்கோ மட்டமான பேச்சு என்று எதுவுமே கிடையாது. துறைமுகக் கூலியின் பேச்சானாலும் பிரபுவின் பேச்சானாலும் பாடம் பாடம்தான்.

'ஸ்கார்ஃபேஸ்' (1983) படத்தில் அல் பசினோவுக்குக் கியூபாக்காரன் வேடம். நடிகரோ நியூயார்க்கில் பிறந்தவர். கியூபர்கள் பலர் தங்கள் ஸ்பானிஷ் மொழியில் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுவார்கள். அந்தப் பழக்கம் உள்ள நாக்கு ஆங்கிலத்தில் எங்கெங்கே இடறும் என்று தெரிந்தால்தான் வேடம் பொருந்தும். அதற்காக அப்படியே ஒப்பித்தாலும் ஆபத்து. கொட்டகையில் இருப்பவர்களுக்கு வசனம் புரியாமல் போகும். எவ்வளவு சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் வாத்தியாரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

'காட்ஸ் அண்ட் ஜெனரல்ஸ்' (2003) படத்துக்கு இன்னொரு தொல்லை. உள்நாட்டுப் போர்க்காலத்து வர்ஜீனியாப் பேச்சு வேண்டும். அப்படிப் பேசியவர்கள் எல்லாரும் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். 'ர்' ஒலி எங்கே தேய்ந்தது என்று தேடிப் பிடித்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

'தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாண்ட்' (2006) படத்தில் உகாண்டா சர்வாதிகாரி இடி அமீனாக நடித்தவர் ஃபாரஸ்ட் விட்டேகர். அவருக்கும் ஈஸ்டன்தான் ஆசான். அந்த நடிப்புக்கு 2007-ல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் கிடைத்தது. நடிகருக்கு உண்டு, உடைக்கு உண்டு, ஒப்பனைக்கும் உண்டு. பேச்சு வாத்தியாருக்கு ஆஸ்கார் கிடையாது. அவருடைய வேலை நன்றாக அமைந்தால், அப்படி ஒருவர் இருந்ததே ரசிகருக்குத் தெரியாது.

ஈஸ்டன் நடிப்பையும் விட்டுவிடவில்லை. 'ஸ்டார் டிரெக்' ஆறாவது படத்தில் (1991) வேற்றுலக நீதிபதியாக வந்தார். பட்டிக்காட்டான் வேடத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்!

2011-ம் ஆண்டு டிசம்பரில், தமது 81-வது வயதில் அவர் காலமானார்.