அடிக்கடி நின்னு நின்னு ரீஸ்டார்ட் ஆகுதா வீட்டு கம்ப்யூட்டர்? 'பார்மெட்' போடும் முன் இதைப் பாருங்க!

கோவை:

கணக்கு போட்டுக்கொண்டு இருக்கும்போதே திரை அப்படியே நின்று விடுகிறது. மவுசை ஆட்டினாலும் அசைவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து, தானாகவே மறுபடியும் ஆன் ஆகிறது. சேமிக்காமல் விட்ட வேலை எல்லாம் போச்சு!

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இந்தத் தொல்லையை அனுபவிக்காதவர்கள் குறைவு.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பல இடங்களில் வரும் முதல் பதில், "வைரஸ் ஏறிருச்சுங்க, பார்மெட் போட்டாத்தான் சரியாகும்" என்பதுதான். நாமும் தலையாட்டி விடுகிறோம்.

ஆனால் பார்மெட் போட்டால் உள்ளே இருப்பது அழிந்து விடும். தறிக் கூலிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பில், பிள்ளையின் காலேஜ் புராஜெக்ட், காலமாகி விட்ட அப்பச்சி - அம்மிச்சி போட்டோ என்று எல்லாமே போய் விடும். இவ்வளவும் போன பிறகு மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் மறுபடியும் பழையபடி நின்றால் எப்படி இருக்கும்?

அப்படி நடப்பது சகஜம். காரணம், பல நேரங்களில் கோளாறு விண்டோசில் இருப்பது இல்லை. சுவரில் உள்ள பிளக்கிலோ, காற்றாடியில் அடைத்த பஞ்சிலோதான் இருக்கும். அதை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை: காப்பி எடுங்க

கம்ப்யூட்டர் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடினாலும் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் முக்கியமான பைல்களை பென்டிரைவிலோ, வெளியில் மாட்டும் ஹார்டு டிஸ்கிலோ காப்பி எடுத்து விடுங்கள். பழுது பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹார்டு டிஸ்கில் இருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் இன்னும் ஜாக்கிரதை. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கக் கூடாது. ஓட ஓட உள்ளே இருப்பது கெட்டுப் போக வாய்ப்பு அதிகம். தகவலை மீட்டுத் தரும் வேலை தெரிந்தவரிடம் நேராகக் கொடுப்பதே நல்லது.

நேரத்தைக் குறித்து வையுங்க

ஒரு பழைய நோட்டை கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டு வையுங்கள. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மணி என்ன, அப்போது என்ன செய்து கொண்டிருந்தீர்கள், வீட்டில் வேறு என்ன ஓடியது என்று ஒரு வரி எழுதுங்கள். நாலைந்து நாள் எழுதினாலே பாதி விஷயம் தெரிந்து விடும்.

மோட்டார் போடும்போது நிற்கிறதா? அப்படியானால் கரண்ட் கோளாறு. மத்தியானம் மட்டும் நிற்கிறதா? அது சூடு. கேம் விளையாடும்போது, வீடியோ எடிட்டிங் செய்யும்போது மட்டும் நிற்கிறதா? சூடு அல்லது எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை பெட்டி. நேரம் காலம் இல்லாமல் நிற்கிறதா? ராம் அல்லது டிஸ்க் மீது சந்தேகப்படலாம்.

கம்ப்யூட்டரே ஒரு டைரி எழுதி வைக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கி 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று வரும். அதில் எந்த தேதியில், எத்தனை மணிக்கு, எது நின்றது என்று சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டும்.

'ஈவென்ட் வியூவர்' என்ற இடத்தில் 'கெர்னல் பவர் 41' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏன் அணைந்தது என்பதை அது மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கரண்ட் சரியா இருக்குதா?

நம் வீடுகளுக்கு வர வேண்டிய மின் அழுத்தம் 230 வோல்ட். கிராமத்தில் பக்கத்துத் தோட்டங்களில் பம்புசெட் ஒன்றாக ஓடும்போதோ, ஒரே டிரான்ஸ்பார்மரில் தறிகள் ஓடும்போதோ அது இறங்கி விடும். டியூப் லைட் சிமிட்டும், பேன் மெதுவாகும். அதே நேரத்தில் கம்ப்யூட்டரும் படுத்து விடும்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் நிற்கும் நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். காலையில் வந்து பார்த்து விட்டு "நல்லாத்தானுங்க இருக்குது" என்று போனால் பிரயோஜனம் இல்லை. வோல்டேஜ் உண்மையிலேயே குறைந்தால் இ.பி. ஆபீசில் புகார் கொடுக்கலாம். 2021-ம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மின்னகம்' சேவை மையத்தின் எண் 94987 94987.

அடுத்தது இன்வெர்ட்டர். 2008-ல் இருந்து மின்வெட்டு வாட்டி எடுத்ததையும், 2012-ல் கோவை பக்கம் ஒரு நாளைக்கு பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் தொழிலே முடங்கியதையும் யாரும் மறந்திருக்க முடியாது. இன்வெர்ட்டர் நம் வீடுகளில் பரவலாக நுழைந்தது அந்தக் காலத்தில்தான். அதில்தான் ஒரு சங்கதி இருக்கிறது.

கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டர் கண் சிமிட்டும் நேரம் எடுத்துக் கொள்ளும். பேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். தாக்குப் பிடிப்பது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான். அதற்கு மேல் தாமதமானால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி விடும்.

கரண்ட் போகும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ 'யு.பி.எஸ். மோடு' என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டாலே பல வீடுகளில் பிரச்சினை முடிந்து விடும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குத் தனியாக சின்ன யு.பி.எஸ். வாங்கி வைக்க வேண்டும்.

யு.பி.எஸ். ஏற்கனவே இருந்தும் நிற்கிறதா? அதன் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு, மூன்று வருடம்தான். பேட்டரி செத்துப் போன யு.பி.எஸ். இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

கேபினட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று ஷாக் அடிக்கிறதா? எர்த் சரியில்லை. இதை எலக்ட்ரீசியன் வைத்து உடனே சரி செய்ய வேண்டும். கம்ப்யூட்டரை விட உயிர் முக்கியம்.

பஞ்சு செய்யும் வேலை

சோமனூர், பல்லடம் பக்கம் தறி, திருப்பூரில் பனியன் கம்பெனி, கோவையில் பவுண்டரி. நம் ஊர்க் காற்றில் பஞ்சுப் பிசிறுக்கும் தூசிக்கும் பஞ்சமே இல்லை. தறிக் குடோனை ஒட்டியே வீடு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் மேல் ஒரு அலுமினிய சீப்பு மாதிரி அமைப்பும், அதன் மேல் ஒரு காற்றாடியும் இருக்கும். அந்தச் சீப்புப் பல் இடுக்கில் பஞ்சு போய் மெத்தை மாதிரி உட்கார்ந்து கொள்ளும். காற்று போகாது. சூடு ஏறும். சுமார் 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் போவது அதனால்தான். அதற்கு மேலும் ஏறினால் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள அணைந்து விடும்.

இதைச் சோதிப்பது சுலபம். கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி விட்டு, எதிரில் டேபிள் பேனை வைத்து ஓட விடுங்கள். ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் சந்தேகமே வேண்டாம், சூடுதான் குற்றவாளி.

சுத்தம் செய்யும் முன் பிளக்கைப் பிடுங்கி விட வேண்டும். கை புளோயர், பெயிண்ட் பிரஷ் போதும். காற்றாடி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக் கொண்டு ஊத வேண்டும். தறியில் இருக்கும் கம்ப்ரசர் பைப்பைக் கொண்டு வந்து அடிக்காதீர்கள். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், போர்டு காலி. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கி இருக்கும்.

சில வருடம் ஆன கம்ப்யூட்டராக இருந்தால் பிராசசருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். அதைக் கடையில் சொல்லி மாற்றலாம், சின்ன வேலைதான்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். அடியில் உள்ள காற்று வழி அடைத்து விடும். பேட்டரி உப்பி, கீபோர்டு மேலே தூக்கிக் கொண்டு வந்தால் உடனே அணைத்து விட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். அது தீப்பிடிக்கக் கூடியது.

ராம், டிஸ்க் சோதனை

சூடும் கரண்டும் சரியாக இருந்தால் அடுத்தது ராம். ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடினால் சோதனை கிடைக்கும். இரண்டு ராம் இருந்தால் பிளக்கைப் பிடுங்கி விட்டு ஒன்றைக் கழற்றி, மற்றதை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு மாற்றி மாட்டிப் பாருங்கள். எதில் நிற்கிறதோ அதுதான் கெட்டது. சில சமயம் ராமின் பொன்னிற முனையை ரப்பரால் துடைத்து, அழுத்தி மாட்டினாலே சரியாகி விடும்.

டிஸ்க் நலத்தை 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச மென்பொருள் காட்டும். 'குட்' என்றால் பொதுவாகப் பயமில்லை. 'காஷன்', 'பேட்' என்று வந்தால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்து விட்டது.

பழைய போர்டாக இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன டிரம் மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதுவே நிற்பதற்கும் ரீஸ்டார்ட் ஆவதற்கும் காரணமாக இருக்கலாம். 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தயாரான போர்டுகளில் இந்த வியாதி உலகம் முழுக்க இருந்தது.

மென்பொருளும் காரணமாகலாம்

வைரசால் ரீஸ்டார்ட் ஆகவே ஆகாதா என்றால், ஆகும். 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற வைரஸ் பரவியபோது, விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் 60 நொடி கவுண்ட்டவுன் ஓடி, தானாக ரீஸ்டார்ட் ஆனது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் ஜூலையிலேயே கொடுத்து விட்டது என்பது குறிப்பிடத்தக்கது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

2024 ஜூலை 19-ல் நடந்தது இதற்கு நேர் எதிர். 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்தன. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். அப்போதுகூட தீர்வு பார்மெட் இல்லை. சேப் மோடில் போய் ஒரு பைலை நீக்கியதும் கம்ப்யூட்டர்கள் எழுந்து கொண்டன.

அதனால் அப்டேட் போட்ட மறுநாளில் இருந்து தொல்லை என்றால், அந்த அப்டேட்டை மட்டும் நீக்கிப் பாருங்கள். 'சிஸ்டம் ரீஸ்டோர்' மூலம் முந்தைய தேதிக்குக் கொண்டு போனாலும் சொந்த பைல்கள் அழியாது.

இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். இவற்றில் சில ரகங்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் இழுத்துக் கெட்டுப் போவதை 2024-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, வாரண்டியை மேலும் 2 வருடம் நீட்டித்தது. தீர்வாக பயாஸ் அப்டேட் வந்தது. அதைப் போடும்போது கரண்ட் போனால் போர்டு செத்து விடும். யு.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள். 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி எண்ணையும் முதலில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பைல்களைத் திறக்க முடியாது.

திரை முழுக்க சிவப்பு எச்சரிக்கை வந்து, சைரன் அடித்து, "இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்" என்று வந்தால் அது கோளாறே இல்லை, மோசடி. போன் செய்யாமல் பவர் பட்டனை அமுக்கி அணையுங்கள். பணம் போய் விட்டால் உடனே 1930-க்கு புகார் கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது

இவ்வளவு பார்த்தும் சரியாகவில்லை என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். நோட்டில் எழுதியதையும் கையோடு கொண்டு போங்கள். "மத்தியானம் ரெண்டு மணிக்கு, வீடியோ ஓடும்போது மட்டும் நிக்குதுங்க" என்று சொன்னால் நல்ல மெக்கானிக்குக்கு பாதி வேலை மிச்சம்.

"என்னைக் கேட்காமல் பார்மெட் போடக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். புது பாகத்துக்கு பில் வாங்குங்கள். பில் தர மறுத்தாலோ, வாரண்டி இருந்தும் அலைக்கழித்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

பார்மெட் போட வேண்டிய நிலைமையும் சில நேரம் வரத்தான் செய்யும். ஆனால் அது கடைசி மருந்து. அதற்கு முன்னால் பென்டிரைவில் ஒரு காப்பி இருந்து விட்டால், எத்தனை முறை பார்மெட் போட்டாலும் கவலை இல்லை.